வீட்டு ஜெபக் குழுவினரைப் பார்த்துக்கொள்வது: குழுத் தலைவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சபையில் உங்களை ஒரு வீட்டு ஜெபக் குழுவுக்குத் தலைவராக நியமித்தவுடன், வேதபாடம் தயாரிக்கத்தான் முதலில் கை போகும். பாடல், வேத வாசிப்பு, பகிர்வு, ஜெபம் என்று அந்த ஒரு மணி நேரம் எப்படியும் நடந்துவிடும். புதிய தலைவர்கள் தடுமாறுவதெல்லாம் கூட்டம் முடிந்து அடுத்த கூட்டம் வரும்வரை உள்ள ஆறு நாட்களில்தான். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வரவில்லை, யார் வந்தும் வாய் திறக்கவில்லை என்று கவனிப்பதும், கவனித்ததை வைத்து என்ன செய்வது, எதை யாரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிப்பதும் அந்த நாட்களின் வேலை. அதைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

8 முதல் 12 பேர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடும் குழுவை மனதில் வைத்திருக்கிறேன். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அக்கம்பக்கக் குடும்பக் குழுவை நடத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அங்கே குடும்பங்கள் அதிகம் என்பதால், கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் பங்கீட்டை முதலிலேயே செய்துகொள்ள வேண்டும்.

1. பொறுப்பேற்குமுன் ஆயரிடம் பேசி முடிக்க வேண்டியவை

முதல் கூட்டத்துக்கு முன்பே ஆயரை, அதாவது உங்கள் சபையின் போதகரை, சந்தித்து மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தக் காரியங்களை உடனே அவரிடம் சொல்ல வேண்டும்? அவர் ஊரில் இல்லாதபோது யாரைக் கூப்பிடுவது? கஷ்டப்படுகிறவர்களுக்கான உதவி நிதி சபையில் இருக்கிறதா, அதை எப்படிக் கேட்டு வாங்குவது? நெருக்கடி வந்தபின் இதையெல்லாம் விசாரிக்கத் தொடங்கினால், பதில் கிடைப்பதற்குள் தலைவரே அவசரத்தில் ஏதாவது வாக்குக் கொடுத்துவிடுவார்.

அடுத்தது துணைத் தலைவர். ஆண்களும் பெண்களும் சேர்ந்து வரும் குழுவானால் ஒரு ஆண், ஒரு பெண் என்று இருவர் வேண்டும். கணவனும் மனைவியுமாக எடுத்துச் செய்தால் இன்னும் வசதி. ஒரு சகோதரி தன் வீட்டுக் கஷ்டத்தை ஆண் தலைவரிடம் தனியாக உட்கார்ந்து சொல்வதும், இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் அழுவதும் எவ்வளவு நல்ல எண்ணத்தில் நடந்தாலும், தெருவில் பேச்சு கிளம்பினால் அடி விழுவது அவள்மேல்தான். எதிர்பாலரைத் தனியாகச் சந்திப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பொதுவான விதியாகச் சொன்னால் யாரும் தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்கமாட்டார்கள்.

2. ஒரு குறிப்பேடு

“உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள்” என்கிறது நீதிமொழிகள் 27:23. அறிந்ததை ஞாபகத்தில் மட்டும் வைத்திருக்க முடியாது. சின்ன நோட்டு ஒன்று போதும். ஆளுக்கு ஒரு பக்கம். வீட்டில் யார் யார், என்ன வேலை, எந்த ஷிப்ட், வயதான பெற்றோர் யாரிடம் இருக்கிறார்கள், பிள்ளைக்கு எந்த வருடம் பொதுத்தேர்வு, யாருடைய நினைவு நாள் எப்போது, கடைசியாக எதற்காக ஜெபித்தோம் என்று குறித்து வைக்கலாம்.

நினைவு நாளைத் தவறாமல் எழுதுங்கள். பிறந்தநாளுக்கு எல்லாரும் வாழ்த்துவார்கள். கணவர் இறந்து ஒரு வருடம் ஆன அன்று போன் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

எழுதக் கூடாதவையும் உண்டு. குடிப்பழக்கம், தாம்பத்தியச் சண்டை, கடன் தொகை, நோயின் பெயர் போன்றவை அந்த நோட்டில் வரவே கூடாது. நோட்டு பேருந்தில் தொலையலாம், உங்கள் வீட்டுக்கு வந்தவர் கையில் கிடைக்கலாம். “அன்று பேசியதைப் பற்றி மறுபடி கேட்க வேண்டும்” என்று மட்டும் எழுதினால் உங்களுக்கு விளங்கும், பிறருக்கு விளங்காது.

3. பிரச்சினை வருவதற்கு முன்பே ஒருமுறை வீட்டுக்குப் போங்கள்

முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருதரம் போய் வந்துவிட வேண்டும். பிரச்சினை வந்தபின்தான் நீங்கள் முதல்முறையாகப் படியேறுகிறீர்கள் என்றால், விசாரணைக்கு வந்ததாகத்தான் அந்த வீட்டார் நினைப்பார்கள். சும்மா ஒருமுறை வந்து காபி குடித்துவிட்டுப் போனவரிடம் பின்னால் வாய் திறப்பது எளிது.

சொல்லாமல் போகாதீர்கள். முந்தின நாளே போன் செய்து, எந்த நேரம் வசதி என்று கேளுங்கள். தண்ணீர் வரும் நேரம், சமையல் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. குழுவுக்கு வராத கணவரோ மாமியாரோ வீட்டில் இருந்தால் முதல் வணக்கம் அவர்களுக்கு. அவர்களிடம் பிரசங்கம் வேண்டாம். ஊர், வேலை, உடல்நலம் விசாரித்தாலே போதும். இப்படிப்பட்ட வீடுகளில் மருமகள் அடுத்த வாரம் கூட்டத்துக்கு வருவாளா மாட்டாளா என்பது பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடும்.

அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். சம்பளம், வரன், “ஏதாவது விசேஷம் உண்டா” என்ற மூன்றையும் நீங்களாகக் கேட்காதீர்கள். குழந்தைக்காகக் காத்திருக்கிற தம்பதியிடம் ஊரே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, குழுத் தலைவரும் கேட்க வேண்டியதில்லை. எழும்போது, “எதுக்காக ஜெபிக்கட்டும்?” என்று கேட்டு, அவர்கள் சொன்னதற்காக மட்டும் சுருக்கமாக ஜெபியுங்கள். சொல்லாததை ஊகித்து ஜெபத்தில் சேர்த்தால், இவருக்கு யாரோ நம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கேயே விழும்.

4. ஜெபக் குறிப்பு வெளியே போகாமல் காப்பது

குழுக்கள் உடைவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். ஒரு சகோதரி கண்ணீரோடு மகன் விஷயத்தைச் சொல்கிறார். மறுநாள் காலை அது குழுவின் வாட்ஸ்அப்பில், “இந்தச் சகோதரியின் மகன் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலையாக ஜெபிப்போம்” என்று பெயரோடு வருகிறது. அதை ஒருவர் உறவினர் குழுவுக்கு அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் அந்த மகனே அதைக் கேள்விப்படுகிறான். எழுதியவருக்குத் தீய எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அந்தத் தாய் இனி எந்தக் கூட்டத்திலும் எதையும் சொல்லமாட்டார்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே இதைப் பேசி, எல்லாரும் வாய்விட்டு ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். இங்கே சொன்னது வெளியே போகாது, கணவன் மனைவியிடம்கூடப் போகாது, வாட்ஸ்அப்பில் எழுதப்படாது. எழுதியே ஆக வேண்டிய அவசரமென்றால், சம்பந்தப்பட்டவரிடம் “எப்படி எழுதட்டும், பேர் போடலாமா?” என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதை நினைவூட்டுங்கள். புதிதாக ஒருவர் சேரும் நாளில் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஆயரிடம் சொல்வதற்கும் அனுமதி தேவை. “இதை ஐயாகிட்ட சொன்னா உங்களுக்கு உதவியா இருக்கும், சொல்லட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து, பிள்ளைகளுக்குத் தீங்கு என்ற இரண்டிலும் இரகசியம் காப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பதான் சொல்வேன்” என்று ஒருவர் தொடங்கினால், “உங்க உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும், மத்தபடி என்னோட நிக்கும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. முதலில் கேளுங்கள், வசனம் பிறகு வரட்டும்

ஒருவர் தன் துக்கத்தைச் சொல்லத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகுமுன் வசனம் சொல்லிவிடுவது புதிய தலைவர்களின் வழக்கம். வசனத்தில் தவறில்லை, நேரம்தான் தவறு. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனைக் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனுக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 25:20. யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். பேச ஆரம்பித்தபிறகுதான் எல்லாம் கெட்டது.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அவர் நிறுத்தினால் நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் முக்கியமானது அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். “எங்க வீட்லயும் இப்படித்தான்” என்று உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். “இப்ப எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேளுங்கள். தலைவர் நினைத்த கஷ்டமும் அவர் சொல்லும் கஷ்டமும் பல நேரம் வேறாக இருக்கும். வேலை போனவருக்குப் பணக் கவலையைவிட மாமனார் வீட்டில் என்ன சொல்வது என்பதே பெரிதாக இருக்கலாம்.

“விசுவாசம் குறைஞ்சதாலதான் இப்படி”, “பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிங்க” என்ற இரண்டு வாக்கியங்களும் உங்கள் வாயில் வரக் கூடாது. குழுவில் வேறு யாராவது சொன்னால் அங்கேயே மென்மையாகத் தடுங்கள். விட்டுவிட்டால் நீங்களும் அதையே நினைக்கிறீர்கள் என்றுதான் பாதிக்கப்பட்டவர் எடுத்துக்கொள்வார்.

6. வராதவர்களைத் தேடுவது

ஒரு வாரம் வராவிட்டால் அன்றிரவே ஒரு சிறு செய்தி அனுப்புங்கள். இரண்டாவது வாரமும் வராவிட்டால் போன். மூன்றாவது வாரம் நேரில். இந்த வரிசையில் போனால் தொந்தரவாகவும் இராது, மறந்துவிட்டார்கள் என்ற எண்ணமும் வராது. ஒரு மாதம் கழித்து முதல்முறையாகக் கேட்பவரிடம் உண்மையான காரணத்தை யாரும் சொல்வதில்லை.

“ஏன் வரல?” என்று தொடங்காதீர்கள். “அக்கா, இந்த வாரம் உங்களப் பார்க்கல, எல்லாரும் சுகமா?” என்றால் போதும். காரணங்கள் பலவகை. ஷிப்ட் மாறியிருக்கும். குழுக்கடன் வாரத் தவணை வசூலிக்க வருகிற நாளும் கூட்ட நாளும் ஒன்றாக இருக்கும். குழுவிலேயே ஒருவரிடம் கைமாற்று வாங்கித் திருப்பாமல் முகம் பார்க்கக் கூசுவார். “அந்த வீட்டுல எனக்கு மட்டும் வேற டம்ளர்” என்று ஒருவர் சொன்னால், அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவது முதல் வேலை ஆகாது. சாதி பார்க்கிற அந்த வீட்டிலிருந்து கூட்டத்தை மாற்றி, ஆயரோடு சேர்ந்து அந்த வீட்டாரிடம் நேரடியாகப் பேச வேண்டும். இதைப் பூசி மெழுகினால் குழு ஐக்கியம் என்று சொல்லிக்கொள்ள அருகதை இழந்துவிடும்.

7. மருத்துவமனையும் துக்க வீடும்

மருத்துவமனைக்குப் பத்துப் பேரும் ஒன்றாகப் போகாதீர்கள். பார்வையாளர் நேரத்தில் இரண்டு பேர், பத்து நிமிடம், மெல்லிய குரலில் ஜெபம். பக்கத்துக் கட்டில்காரருக்கும் நோய்தான். நோயாளியைவிட உடனிருப்பவரைக் கவனியுங்கள். அவருக்குச் சாப்பாடு, மாற்றுத் துணி, ஒரு இரவாவது தூக்கம் தேவை. தீர்க்கதரிசி எலியா சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் அவனுக்கு முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் சேர்ந்திருக்கிறதா, அந்த மருத்துவமனை அத்திட்டத்தில் உண்டா என்று சேர்க்கும் நாளிலேயே கேட்கச் சொல்லுங்கள். பில் கட்டும் நாளில் கேட்டால் பெரும்பாலும் பயனிராது.

மருந்தைப் பற்றி நீங்கள் கருத்துச் சொல்லவே வேண்டாம். “ஜெபிச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு” என்று யாராவது இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ மனநல மாத்திரையையோ நிறுத்தச் சொன்னால், தலைவராக நின்று தடுக்க வேண்டியது உங்கள் கடமை. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5:14 வைத்தியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. படுக்கையில் இருப்பவர் திருவிருந்து கேட்டால் தள்ளிப்போடாமல் அன்றே ஆயருக்குத் தெரிவியுங்கள்.

சாவு வீட்டில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆயருக்கும் சபை அலுவலகத்துக்கும் தகவல் சொல்லி, கல்லறைத் தோட்ட அனுமதியைப் பார்க்க வேண்டும். சபைச் சந்தா பாக்கி போன்ற பேச்சு எழுந்தால் அது துக்க வீட்டார் காதில் விழாமல் முடிப்பதும் அவர் பொறுப்பு. இன்னொருவர் தண்ணீர், டீ, நாற்காலி. ஒரு சகோதரி குழந்தைகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

புதிய தலைவர்கள் அடக்க ஆராதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். உறவினர்கள் ஊருக்குத் திரும்பி, வீடு காலியான பிறகுதான் துக்கம் முழுதாக இறங்கும். இரண்டாம் வாரம், ஒரு மாதம், முதல் கிறிஸ்துமஸ், திருமண நாள் என்று நோட்டில் குறித்து, அந்தந்த நாளில் போய் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அழுதுவிடுவாரோ என்று பயந்து எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்ப்பதுதான் அவருக்கு அதிக வலி. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, விதவை உதவித்தொகை ஆகியவற்றுக்கு அலைய ஒருவர் துணைக்குப் போவது, பத்து ஆறுதல் செய்திகளைவிட அவருக்கு உதவும்.

8. பணம்

தலைவர் தன் கைப்பணத்தைக் கடனாகக் கொடுக்க வேண்டாம். கொடுத்த நாள் முதல் நீங்கள் மேய்ப்பரும் கடன்காரருமாக இரண்டு முகத்தோடு அந்த வீட்டுப் படியேற வேண்டியிருக்கும். கொடுக்க முடிந்தால் திரும்ப வராது என்று நினைத்தே கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் சபையின் உதவி நிதிக்கு வழிகாட்டுங்கள். ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். குழுவுக்குள் சீட்டு, இன்சூரன்ஸ், ஆள் சேர்க்கும் வியாபாரம் எதையும் அனுமதிக்காதீர்கள். ஒரு சீட்டு முறிந்தால் குழுவும் அதோடு போகும்.

ஒரு குடும்பத்துக்காகக் குழுவில் பணம் சேர்த்தால் இரண்டு பேர் எண்ணி, எழுதி வைத்து, பள்ளிக் கட்டணமானால் பள்ளியிலேயே கட்டிவிடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாம். எருசலேம் சபையில் விதவைகளுக்கான அன்றாட உதவியில் முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் நற்சாட்சி பெற்ற ஏழு பேரை அதற்கென நியமித்தார்கள். உதவியைப் பங்கிடுவதில் வரும் சிக்கல் அன்றே இருந்தது.

9. உங்கள் கையில் வைத்துக்கொள்ளக் கூடாதவை

சிலவற்றை ஜெபித்துக்கொண்டே உடனே தகுந்தவர்களிடம் கொண்டுபோக வேண்டும். இந்த எண்களை இப்போதே கைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

“இருந்து என்ன பிரயோஜனம்” என்று ஒருவர் சொன்னால், “சாகணும்னு நினைக்கிறீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஒருவர் கிடைத்தாரே என்ற நிம்மதிதான் வரும். “ஆமாம்” என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை வீட்டாரைக்கொண்டு அப்புறப்படுத்துங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம். ஏற்கனவே எதையாவது குடித்திருந்தால் 108.

அடி உதை நடக்கும் வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். உங்கள்முன் அவள் சொன்னதற்கு வீட்டுக்குப் போனபின் அவள்தான் அடி வாங்குவாள். “பொறுத்துப்போ, ஜெபி” என்று திருப்பி அனுப்பவும் கூடாது. பெண் தலைவர் அவளைத் தனியாகச் சந்தித்து, வேண்டுமென்றபோது எங்கே தங்கலாம் என்று ஏற்பாடு செய்து, 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கொடுக்கட்டும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கான பாதுகாப்பு அலுவலர் உண்டு.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால் காவல்துறையில் தெரிவித்தே ஆக வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி தெரிந்தும் மறைப்பது குற்றம். தீங்கு செய்தவர் சபையில் பெரியவராக இருந்தாலும், சபையின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும், சட்டம் மாறாது. பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள். சிறார் உதவி எண் 1098க்குப் பேசுங்கள், அவர்கள் வழி சொல்வார்கள்.

10. குழுவுக்குள் மனஸ்தாபம்

இருவர் பேசிக்கொள்ளவில்லை என்றால் கூட்டத்தில் அதைப் பொதுவாக எடுத்துப் பேசாதீர்கள், வேதபாடத்தில் ஜாடையாகக் குத்தவும் வேண்டாம். மத்தேயு 18ன் வரிசைதான் சரி: முதலில் அவர்கள் இருவருமாகப் பேசட்டும், முடியாவிட்டால் இன்னும் ஓரிருவரைச் சேர்த்துக்கொள்ளட்டும், பிறகு சபை. ஒருவர் மற்றவரைப் பற்றி உங்களிடம் குறை சொன்னால், “இதை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்பது உங்கள் முதல் கேள்வி. (9ஆம் பகுதியில் சொன்ன வன்முறைக்கும் பாலியல் தீங்குக்கும் இந்த வரிசை பொருந்தாது.)

11. பாரத்தைப் பங்கிட்டு, முறையாகக் கைமாற்றுவது

காலைமுதல் மாலைவரை தனியாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, நீ தொய்ந்துபோவாய், உன்னோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று எச்சரித்த அவருடைய மாமனார் எத்திரோ, பத்துப் பேருக்கு ஒரு தலைவன் என்ற அளவுவரை பிரித்துக் கொடுக்கச் சொன்னார். உங்கள் பத்துப் பேரையும்கூட இன்னும் பிரிக்கலாம். மூன்று மூன்று பேராகச் சேர்த்து, வாரம் ஒருமுறை ஒருவரையொருவர் விசாரிக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் யாரும் விடுபட்டுப்போகமாட்டார்கள். எப்போதும் உதவி பெறுகிறவராகவே இருக்கும் விதவைத் தாயிடம் வேறொருவரை விசாரிக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், அவர் குழுவில் உட்காரும் விதமே மாறும். உங்களையும் யாராவது விசாரிக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஆயரோடோ இன்னொரு குழுத் தலைவரோடோ உட்கார்ந்து, உங்கள் நிலையைப் பேசுங்கள்.

இடமாற்றமோ குடும்பக் காரணமோ வந்து பொறுப்பை விடும்போது, புதிய தலைவரை ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே அழைத்துச் சென்று அறிமுகம் செய்யுங்கள். நோட்டை அவரிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக, “என்னிடம் சொன்னதில் எதைப் புதியவரிடம் சொல்லலாம்?” என்று கேட்டு, சம்மதித்ததை மட்டும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, நோட்டைக் கிழித்து எரித்துவிடுங்கள்.